மடிக்கும் போன் வாங்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் கட்டாரில் இருந்து மருமகன் கோல் எடுத்தான். "மாமா, லீவுக்கு வரக்குள்ள ஃபோல்ட் போன் ஒண்டு எடுத்துட்டு வரலாமெண்டு யோசிக்கிறன். நீங்க பாவிச்ச ஆள்தானே, என்ன சொல்றீங்க?"

"மறுகா சொல்றன் மனே. காசு குடுக்கிறதுக்கு முதல் எனக்கு ஒரு கிழமை தா" என்றேன்.

அந்தக் கிழமையில் அவனுக்காக எழுதிய குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கல்லடியில் வீடு கட்டுவோருக்கு வரைபடம் வரைந்து கொடுப்பது என் தொழில். மடிக்கும் போன் ஒன்றை ஏறக்குறைய இரண்டு வருடம் பாவித்தேன். 22ஆவது மாதம், ஒருநாள் காலையில் திறந்தபோது மடிப்பு ஓடும் இடத்தில் நூல் போல ஒரு கறுப்புக் கோடு. மூன்றாம் நாள் பாதித் திரை செத்துவிட்டது. மட்டக்களப்பு பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள திருத்தும் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கொழும்புக்குத்தான் போகணும் அண்ணன்" என்று திருப்பித் தந்தார்கள். உள்திரையை மாற்றக் கேட்ட தொகைக்கு நடுத்தர விலையில் நல்ல போன் ஒன்றைப் புதிதாகவே எடுத்திருக்கலாம்.

ஆனாலும் அந்த 22 மாதமும் அது என் தொழிலுக்குத் தந்த உதவி பெரியது. கட்டட இடத்தில் நின்றபடியே மேசனுக்கு வரைபடத்தைப் பெரிதாகக் காட்டி, அங்கேயே அளவைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஆகவே இந்த வகைப் போன் வீண் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கீழே உள்ள படிகளில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வாங்கப்போகும் சாமானை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

இரண்டு வகை இருக்கிறது. புத்தகம் போல விரிவது ஒன்று. மூடியிருக்கும்போது சாதாரண போன், திறந்தால் சிறிய டெப் அளவு. மற்றது பழைய மடக்குப் போன் போல மேலிருந்து கீழே மடிவது. திறந்தால் சாதாரண போன், மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கும். முதலாவதை ஃபோல்ட் என்றும் இரண்டாவதை ஃபிளிப் என்றும் நம் கடைகளில் சொல்கிறார்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஃபோல்ட் பற்றியது, ஏனென்றால் காசு அதிகம் போவது அதில்தான்.

2018 இறுதியில் சீனாவின் ரோயோல் கம்பனி முதன்முதலில் மடிக்கும் போனை விற்பனைக்கு விட்டது. 2019இல் சாம்சங் தன் முதலாவது கெலக்ஸி ஃபோல்டை அறிவித்தது, விலை 1,980 டொலர். பரிசோதித்துப் பார்க்கக் கொடுத்த போன்களில் சில ஒன்றிரண்டு நாளிலேயே பழுதாகின. திரையின் மேல் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் புதுப் போனின் ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்தவர்களும் உண்டு. ஏப்ரலில் வரவிருந்த போன் திருத்தப்பட்டு செப்டம்பரில்தான் கடைக்கு வந்தது. 2020இல் திரைக்குள் மிக மெல்லிய கண்ணாடி வந்தது. ஒரு மில்லிமீற்றரை முப்பதுக்கு மேல் கூறு போட்டால் ஒரு கூறின் தடிப்பு எவ்வளவோ, அவ்வளவுதான். 2021இல் தண்ணீர்த் தடுப்பு வந்தது. 2025இல் வந்த ஃபோல்ட் 7 வெறும் 215 கிராம், மூடினால் 8.9 மில்லிமீற்றர். அதே கம்பனியின் மடிக்காத எஸ்25 அல்ட்ராவே 218 கிராம். பாரம், தடிப்பு என்ற பழைய குறை இன்று போய்விட்டது. அதை வைத்து யாரும் உங்களைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

போகாத குறை ஒன்று உண்டு. அந்த மெல்லிய கண்ணாடிக்கு மேலே உங்கள் விரல் தொடும் பரப்பு இன்னமும் பிளாஸ்டிக்தான். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

படி 1: ஒரு கிழமை உங்கள் போனையே பாருங்கள்

புதுப் போனைப் பார்ப்பதற்கு முதல், கையில் இருக்கும் போன் உங்களுக்கு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அண்ட்ரொய்டில் செட்டிங்ஸுக்குள் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்று ஒரு பகுதி இருக்கிறது; ஐபோனில் "ஸ்கிரீன் டைம்". எந்த ஆப்பில் எத்தனை மணித்தியாலம் போனது என்று அதிலேயே தெரியும். ஏழு நாளும் இரவு படுக்கும் முன் அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பிறகு இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். வட்ஸ்அப், கோல், முகநூல், டிக்டொக், வங்கி ஆப் எல்லாம் ஒரு பக்கம். இவற்றுக்குப் பெரிய திரையால் பெரிய இலாபம் இல்லை. மூடிய நிலையில் வெளித்திரையிலேயே பார்த்துவிடுவீர்கள். பிடிஎஃப், எக்செல், வரைபடம், நிலப் படம், மின்னிதழ், ஒரே நேரத்தில் இரண்டு ஆப் திறந்து செய்யும் வேலை ஆகியவை மறுபக்கம். இந்த இரண்டாவது பக்கம் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். வராவிட்டால் இங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஒரு மணித்தியாலம் என்ற அளவை எந்த நூலிலும் எடுக்கவில்லை. என் இரண்டு வருடப் பழக்கத்தில், அதற்குக் குறைந்த நாட்களில் நான் போனைத் திறக்கவே இல்லை.

படி 2: எட்டு அங்குலம் என்பது எவ்வளவு?

பலரும் ஏமாறும் இடம் இது. மருமகனுக்கு இதற்காகத்தான் அடிமட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஃபோல்ட் 7இன் உள்திரை மூலைக்கு மூலை 8 அங்குலம். ஆனால் அது ஏறக்குறையச் சதுரம். யூடியூப் வீடியோ நீளமானது, 16க்கு 9 என்ற அளவில் வருவது. சதுரத் திரையில் அதை ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். வீடியோவுக்குக் கிடைப்பது மூலைக்கு மூலை சுமார் 6.8 அங்குலம். 6.9 அங்குலத் திரையுள்ள எஸ்25 அல்ட்ராவில் அதே வீடியோ சுமார் 5.9 அங்குலமாக ஓடும். வித்தியாசம் உண்டு, ஆனால் நினைத்த அளவு இல்லை. சினிமா இன்னும் அகலமாக எடுக்கப்பட்டது. அகலத்திரைப் படம் ஒன்றை இரண்டிலும் ஓட்டினால் ஃபோல்டில் படத்தின் அகலம் 5.9 அங்குலம், அல்ட்ராவில் 6.3 அங்குலம். அதாவது மடிக்காத போனில்தான் படம் பெரிதாகத் தெரிகிறது. படம் பார்க்க என்று ஃபோல்ட் எடுப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது காசைக் கட்டுவதற்கு முதல் பார்க்க வேண்டும்.

வாசிப்பில் நிலைமை வேறு. ஏ4 தாள் ஒன்றை அல்ட்ராவின் திரையில் முழு அகலத்துக்கு வைத்தால் அது உண்மையான அளவில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். ஃபோல்டின் உள்திரையில் முழுப் பக்கமும் பாதி அளவில் தெரியும். பாதி அளவு என்றால் நல்ல கண்ணுக்கு இரு விரலால் பெருப்பிக்காமலே வாசிக்கலாம். 11 அங்குல ஐபேடில் முக்கால் அளவு. வரைபடம், வழக்குக் கோவை, விடைத்தாள், நெல் கொள்வனவுப் பட்டியல் என்று தாளோடு பிழைப்பவர்களுக்கு அந்தப் பாதி அளவு பெரிய விடயம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பேனையால் எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். ஃபோல்ட் 3 முதல் 6 வரை சாம்சங்கின் எஸ் பென் வேலை செய்தது; 7இல் அதை எடுத்துவிட்டார்கள்.

படி 3: காசுக் கணக்கு

டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். வாங்கும் நாளின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோல்ட் 7 அமெரிக்காவில் அறிமுகமான விலை 1,999 டொலர். நம் காசுக்கு 599,700 ரூபா. அதில் வரி இல்லை. இங்கே 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம், கைத்தொலைபேசிக்கு இருந்த விலக்கும் அதோடு போய்விட்டது. அந்த வரியை மட்டும் சேர்த்தாலே 707,646 ரூபா. எஸ்25 அல்ட்ராவின் அறிமுக விலை 1,299 டொலர். சாதாரண எஸ்25 799 டொலர், 2025இல் வந்த அடிப்படை ஐபேட் 349 டொலர். இரண்டையும் சேர்த்து எடுத்தாலும் 1,148 டொலர், அதாவது வரிக்கு முன் 344,400 ரூபா.

மூன்று வருடம் பாவிப்பதாக வைத்து, வரிக்கு முந்திய விலையை 36ஆல் பிரியுங்கள். ஃபோல்டுக்கு மாதம் 16,658 ரூபா. போனும் டெப்பும் சேர்த்து மாதம் 9,567 ரூபா. மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கும் வசதிக்கு மட்டும் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் கொடுக்கிறீர்கள். என்னைப் போல நாளுக்கு நாலு இடம் மோட்டார் சைக்கிளில் ஓடுபவருக்கு அந்த வசதி பெறுமதியானது. டெப்பை முதுகில் சுமந்துகொண்டு கட்டடச் சாரம் ஏற முடியாது. மேசையில் இருந்து வேலை செய்பவருக்கு அப்படி இல்லை.

இந்தக் கணக்கில் இன்னும் ஒரு செலவு சேர வேண்டும். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது இரண்டு இலட்சம் அளவில், உள்திரைக்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள். அது ஒருபோதும் தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அந்தக் காசு கையில் இல்லாமல் இந்தப் போனை எடுக்கக் கூடாது. நான் ஒதுக்காமல் எடுத்தேன். திரை போன மாதம் வீட்டுக் கணக்கு முழுவதும் குழம்பியது.

தவணைக்கு எடுக்க நினைப்பவர்கள் இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வரண்டி முடியும் மாதம் ஒன்று, தவணை முடியும் மாதம் மற்றது. வரண்டி 12 மாதம், தவணை 24 மாதம் என்றால், 13ஆம் மாதம் திரை போனால் செத்த போனுக்கு இன்னும் 11 மாதம் காசு கட்டுவீர்கள். நகையை அடகு வைத்து போன் எடுக்கும் பழக்கத்தையும் நம்மூரில் பார்க்கிறேன். தாலிக்கொடி வங்கியில் இருக்க, வட்டி ஏறிக்கொண்டிருக்க, கையில் ஃபோல்ட் போன் இருப்பதில் எனக்கு ஒரு சந்தோசமும் தெரியவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாங்கும் மாதமும் நினைவில் இருக்கட்டும். சாம்சங் 2023 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் புது ஃபோல்டைக் கொண்டுவருகிறது. ஜூன் மாதத்தில் முழு விலை கொடுத்து வாங்குவது காசைக் காற்றில் விடுவது. இரண்டு மாதம் பொறுத்தால் அதே போன் குறைந்த விலைக்கு வரும்.

படி 4: நம் மண்ணும் காற்றும்

விளம்பரத்தில் ஐபி48 என்று ஓர் இலக்கம் போட்டிருப்பார்கள். இதில் முதல் இலக்கம் திண்மப் பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 8 என்றால் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். 4 என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது, அவ்வளவுதான். கல்லடிக் கடற்கரை மணலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். எத்தனை பருக்கை ஒரு மில்லிமீற்றர் இருக்கும்? பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் அப்படியே. சாதாரண விலையுயர்ந்த போன்களில் இருக்கும் ஐபி68இன் 6 என்பது தூசியே போகாது என்ற உறுதி. மடிக்கும் போன்களில் 2025இல் வந்த கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்டுக்குத்தான் முதன்முதலில் அந்த 68 கிடைத்தது. கூகுள் பிக்சல் போன்களை இலங்கையில் நேரடியாக விற்பதில்லை, ஆகவே திருத்துவதற்கு ஆள் தேட வேண்டும்.

மணல் கீலுக்குள் போவது ஒரு கேடு, திரையின் மேல் கிடப்பது அதைவிடப் பெரிய கேடு. கடல் மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. மடிக்கும் போனின் உள்திரை அந்த அளவுகோலில் 2, 3 என்ற மட்டத்திலேயே கீறுப்படும். ஒரு பருக்கை உள்ளே இருக்க நீங்கள் மூடினால், இரண்டு பாதியும் சேர்ந்து அதைத் திரைக்குள் அமுக்கும். ஐபி68 இருந்தாலும் இந்த விபத்தில் இருந்து தப்ப முடியாது.

அம்பாறைப் பக்கம் வயலோடு இருப்பவர்களுக்கு இன்னொரு தூசி. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர் வட்டைகளில் அறுவடை மெசின் இறங்கிய நாட்களில் காற்று முழுக்க உமித்தூளும் சுணையும். அந்த நாட்களில் போனைத் திறக்கவே கூடாது. என் தொழிலில் சீமெந்துத் தூள். அது மணலைவிட நுண்ணியது, ஈரம் பட்டால் இறுகும். என் திரை போனதற்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் கடைசி ஆறு மாதம் போனைத் திறக்கும்போது கீலில் நறநறவென்று சத்தம் கேட்டது உண்மை. அந்தச் சத்தத்தை நான் அலட்சியம் செய்திருக்கக் கூடாது.

தண்ணீரைப் பொறுத்தவரை அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. வாவித் தண்ணீரிலும் கடல் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. வாவிக்குள் விழுந்த போனை எடுத்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் ஒற்றி, முழுதாகக் காயும் வரை சார்ஜ் போடாமல் வைத்திருங்கள். மீன்பிடித் தொழிலில் இருக்கும் உறவினர்கள் கேட்டால் நான் யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்கிறேன். தோணியில் கொண்டுபோகும் போனுக்கு மடிப்பு இருக்கக் கூடாது.

படி 5: பழுதானால் யார் பார்ப்பார்?

எல்லாப் படிகளிலும் இதையே நான் முக்கியமாக நினைக்கிறேன். சாதாரண போனின் டிஸ்பிளே போனால் மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அன்றைக்கே மாற்றித் தரக்கூடிய கைதேர்ந்த தம்பிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய திறமையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மடிக்கும் திரை கீலோடும் சட்டத்தோடும் சேர்ந்து ஒரே பாகமாக வருவது. அதைக் கம்பனியின் கருவிகளோடுதான் கழற்றிப் பூட்ட வேண்டும். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். போனை நீங்களே கொண்டு போனால் ஓர் இரவுப் பயணம், ஒரு பகல் காத்திருப்பு, இன்னோர் இரவு திரும்பி வர. பாகம் கையிருப்பில் இல்லாவிட்டால் இன்னொரு முறை. அதுவரை கோலுக்கும் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்துக்கும் வேறு போன் வேண்டும்.

ஆகவே காசு கொடுப்பதற்கு முதல் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்: வரண்டி தருவது கம்பனியா, இறக்குமதி செய்தவரா, கடையா? உள்திரையும் கீலும் அந்த வரண்டிக்குள் வருமா? திரையின் மேல் ஒட்டியுள்ள படலம் குமிழ் விட்டால் யார் மாற்றித் தருவார்? கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது? பதிலை வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, கடை முத்திரை வைத்து வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். பிறகு பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அப்போது அந்த எழுத்துத்தான் உங்கள் பலம்.

உறுதி என்று கம்பனிகள் சொல்லும் மடிப்புக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுவோம். முன்பு இரண்டு இலட்சம் தடவை என்றார்கள்; நாளுக்கு நூறு தடவை திறந்தால் ஐந்து வருடத்துக்கு மேல். ஃபோல்ட் 7க்கு ஐந்து இலட்சம் என்கிறார்கள். அதே வேகத்தில் 13 வருடம். நான் அந்த எண்ணிக்கையைச் சந்தேகிக்கவில்லை. அது தூசி இல்லாத அறையில் இயந்திரம் மடித்த கணக்கு. என் போன் இரண்டு இலட்சத்தில் நாலில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

படி 6: வெளிநாட்டில் இருந்து வருவதும் பாவித்ததும்

கட்டார், டுபாய், சவுதி என்று நம் பிள்ளைகள் அரைவாசிப் பேர் அங்கேதான். அங்கே விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கே வாங்கிய போனின் வரண்டி பெரும்பாலும் அந்த நாட்டுக்கே உரியது. சாதாரண போனில் இது பெரிய விடயம் இல்லை, மடிக்கும் போனில் இதுதான் முழு விடயமும். லீவு முடிந்து பிள்ளை திரும்பிப் போகும் வரை காத்திருந்து கொடுத்துவிட வேண்டி வரும்.

எங்கே வாங்கினாலும் போனில் *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டு எண் இருக்கும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும்.

பாவித்த ஃபோல்டை வாங்கலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம். வெளியே மினுங்கும், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் பகல் வெளிச்சத்தில், அவசரம் இல்லாமல் பாருங்கள். அமைதியான இடத்தில் போனைக் காதருகே வைத்து மெதுவாகத் திறவுங்கள். நறநறப்புக் கேட்டால் திருப்பிக் கொடுங்கள். பாதி திறந்து கையை எடுங்கள், கீல் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முழுதாகத் திறந்து மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். திரையை வெள்ளையாக்கி, மடிப்பு வழியே கோடோ கறுப்புப் புள்ளியோ இருக்கிறதா என்று சரித்துப் பாருங்கள். சாம்சங் என்றால் *#0*# அழுத்தினால் சோதனைப் பக்கம் வரும். அதில் தொடுகையைத் தெரிவு செய்து மடிப்பின் மேல் விரலைப் பல தடவை இழுங்கள், ஒரு கட்டமும் விடுபடக் கூடாது. படலத்தின் நடுவில் குமிழ் எழும்பியிருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கடைசியாக, பழைய ஆளின் கூகுள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள்.

ஃபிளிப் பற்றி ஒரு பந்தி

ஃபிளிப் 7இன் அறிமுக விலை 1,099 டொலர். பெரிய திரை இதில் கிடைக்காது. சிறிய பைக்குள் அடங்கும் என்பதே இலாபம். களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கும் என் அக்கா கைப்பைக்குள் வைக்க ஏதுவாக இருக்கிறது என்று ஆசைப்பட்டா. கடையில் பத்து நிமிடம் திறந்து மூடிப் பார்க்கச் சொன்னேன். "ஒவ்வொரு கோலுக்கும் இப்படித் திறக்கிறதெண்டா எனக்கு ஒண்ணாது தம்பி" என்று வைத்துவிட்டா. நீங்களும் வாங்கும் முன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள். ஃபோல்டுக்கும் அது பொருந்தும். ஒரு கையால் திறக்க முடிகிறதா, மூடிய நிலையில் தமிழ் விசைப்பலகை விரலுக்கு இடம் தருகிறதா, வெயிலில் மடிப்புக் கண்ணை உறுத்துகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள். கமராவைப் பற்றிக் கவலை வேண்டாம். அது இப்போது நன்றாகவே இருக்கிறது. பற்றரியின் கொள்ளளவு ஃபோல்ட் 7இல் 4,400 எம்ஏஎச் (mAh), அல்ட்ராவில் 5,000. நாள் முழுக்க வெளியே திரிபவர்கள் பவர் பேங்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 7: வாங்கிவிட்டீர்கள் என்றால்

உள்திரையின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தை உரிக்காதீர்கள். டெம்பர் கிளாஸ் ஒட்டவும் கூடாது. மடிக்கும்போது உடைந்து திரையையும் குத்தும். படலம் கிளம்பினால் கம்பனிக்காரரிடமே மாற்றுங்கள்.

மூடுவதற்கு முதல் திரையை ஒரு தடவை மெல்லிய துணியால் துடைப்பதைக் கைப்பழக்கம் ஆக்குங்கள். கடற்கரையில் வெளித்திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடுத்த சாரத்தின் மடியில் செருக வேண்டாம். குனியும்போது முழுப் பாரமும் கீலில் விழும். வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்டில் வைக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது இதயமுடுக்கி பொருத்தியிருந்தால் போனை அவர்கள் நெஞ்சுப் பக்கம் வைக்க விடாதீர்கள். இந்தப் போன்களை மூடிப் பிடிப்பதற்கு உள்ளே காந்தம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, முதல் நாளே படங்களும் தொடர்புகளும் தானாகவே கூகுள் கணக்கில் சேமிக்கப்படும்படி செய்துவிடுங்கள். உள்திரை செத்தாலும் வெளித்திரையால் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் முழுப் போனும் செத்தால் ஒன்றும் எடுக்க முடியாது. நறநறச் சத்தம், படலத்தில் குமிழ், தொடுகை தப்புதல் இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றைக்கே கொழும்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். வரண்டி முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை முழுப் போனையும் சோதித்துப் பாருங்கள்.

ஒரு கிழமை முடிந்து மருமகன் மறுபடி கோல் எடுத்தான். தன் கணக்கை எழுதி வைத்திருந்தான்: ஏழு நாளில் வீடியோவும் படமும் 19 மணித்தியாலம், பிடிஎஃப் 40 நிமிடம். படத்தின் அகலத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மாமா, சாதாரண போன் ஒண்டும் அம்மாக்கு டெப் ஒண்டும் எடுக்கிறன். அவ விடைத்தாள் பார்க்க கண்ணைச் சுருக்கிறது எனக்கும் பார்க்க ஏலாது" என்றான்.

நான் இப்போது சாதாரண போனோடு, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு டெப்பைக் கொண்டு திரிகிறேன். கட்டடச் சாரத்தில் நின்று வரைபடம் காட்ட வேண்டிய நேரத்தில் பழைய ஃபோல்டின் ஞாபகம் வரத்தான் செய்கிறது. தூசி புகாத ஃபோல்ட் ஒன்று முறையான வரண்டியோடு இங்கே விற்பனைக்கு வந்து, அதன் திரையை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மாற்றித் தருவோம் என்று கம்பனி எழுதித் தரும் நாளில், இரண்டு இலட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு நானே முதல் ஆளாகப் போய் நிற்பேன்.